மலைக்குக் கொண்டுபோன மடி

நான் திருப்பதிக்குப் போனது ஒரே தடவை. சாமி கும்பிடப் போகவில்லை. மடி கொடுக்கப் போனேன்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு முதல் முடி எடுக்கும்போது தாய்மாமன் மடியில் உட்கார வைப்பார்கள். தாய்மாமன் வராவிட்டால் வேறு ஆளை உட்கார வைக்கலாம், முடி இறங்கிவிடும். ஆனால் அதற்கப்புறம் அந்தப் பிள்ளையின் தாயைப் பிறந்த வீடு இல்லாதவள் என்பார்கள். சண்டை வரும்போதெல்லாம் அந்தப் பேச்சு வரும். என் அக்கா மகளுக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான். நான் வேதக்காரன். கிறிஸ்தவர்களை அப்போது எங்கள் ஊர்களில் அப்படித்தான் சொல்வார்கள்.

அம்மா செத்த பிறகு நைனா, எங்கள் அப்பா, ஞானஸ்நானம் வாங்கினார். நான் சின்னப் பையன், என்னையும் கூடவே நனைத்தார்கள். அக்கா அதற்கு முன்பே கட்டிக்கொண்டு போய்விட்டாள். சத்தியவேட்டுப் பக்கம், பயிர் வைக்கிற குடும்பம். அவளுக்கு ஏழுமலையான், எனக்கு இயேசு. இதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாளும் பேசிக்கொண்டது இல்லை. வெகுகாலம் அவளுக்குப் பிள்ளை இல்லை. மலைக்கு வேண்டிக்கொண்டு ஒரு பெண் பிறந்தது. அதன் தலையில் கத்தி படாமல் மூன்று வயது வரை வளர்த்தாள்.

எனக்குப் புத்தூர்ப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக் காம்பவுண்டில் வேலை. கிணற்றில் கவலை ஓட்டித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும். மாடு முன்னால் இறங்கும், பின்னால் ஏறும். நானும் அதோடு இறங்குவேன், ஏறுவேன். நாலாவது வரை படித்தவனுக்கு அது போதும்.

அப்போது ஆந்திரா தனியாகப் பிரிந்திருந்தது. ஸ்டேஷன் பலகையில் தெலுங்கு மேலே ஏறியது, தமிழ் கீழே இறங்கியது. அக்கா ஊர் சென்னை ராஜ்யத்தில் இருந்தது. எந்த ஊர் யாருக்கு என்று அங்கங்கே கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காவைப் பார்க்கப் போனால் ராஜ்யம் விட்டு ராஜ்யம் போகிறாய் என்று தோட்டக்காரர் கேலி செய்வார். வழியில் எனக்கு ஒன்றும் தெரிந்ததில்லை. இந்தப் பக்கம் இருந்த பனைமரம்தான் அந்தப் பக்கமும் இருந்தது.

எனக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. சபை மூப்பரின் மகள். கலியாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு ஆராதனையில் போதகர் இருவர் பெயரையும் வாசிப்பார். தடை சொல்ல ஆள் இருந்தால் சொல்லலாம் என்பார். இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு பாக்கி.

அந்த வாரத்தில்தான் அக்கா வீட்டுக்காரர் கிணற்றடிக்கு வந்தார். அவரை நான் மாமா என்பேன். மாடு இறங்கி ஏறுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மச்சான், வெள்ளிக்கிழமை மலையில முடி இறக்கறோம். உன்னை வம்புல இழுக்க வரல. நீ வரலன்னாலும் நான் கோச்சிக்கமாட்டேன். உங்கக்காதான் சரியா சோறு துன்றதில்ல" என்றார்.

எங்கள் சபையில் மலைக்குப் போகக்கூடாது. எனக்கு முன்னால் ஒருவர் கூட்டாளியோடு போய் வந்தார். சபைக்குத் தெரிந்தது. அவருக்குப் பேசி வைத்திருந்த பெண்ணை வேறு இடத்தில் கொடுத்தார்கள். அவர் அப்புறம் கட்டவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு தனியாகவே இருந்தார். நான் தினமும் அவரைப் பார்ப்பேன்.

நான் யோசித்தேன். போவேன், மடி கொடுப்பேன், கோயிலுக்குள் நுழையமாட்டேன். சனிக்கிழமை திரும்பிவிடுவேன். தலையில் துண்டும் காலில் புழுதியுமாகப் போனவன் அப்படியே வந்தால் யாருக்கு என்ன தெரியும். மாட்டை அவிழ்த்துவிட்டு, "வரேன் மாமா" என்றேன்.

வியாழக்கிழமை புத்தூரில் ரயில் ஏறினோம். நான், அக்கா, மாமா, மாமாவின் தாய், பிள்ளை. மாமாவின் தாயை அத்தை என்பேன். அவளுக்கு வாய் ஓயாது.

"வேதக்காரன் மடியில பைபிளுதான் உக்காரும்னு நெனச்சேன். பிள்ளையும் உக்காருமா" என்றாள் ஏறினதும்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். பேச்சு அத்தோடு நின்றது, ரேணிகுண்டாவில் வண்டி மாறுகிற வரைக்கும்.

வண்டியில் இரண்டு பேர் எல்லையைப் பற்றித் தர்க்கம் செய்துகொண்டு வந்தார்கள். ஒருவர் திருப்பதியும் தமிழருடையதுதான் என்றார். மற்றவர், முதலில் திருத்தணியை நாங்கள் விடுகிறோமா பார் என்றார். ஒருவர் தமிழில் கேட்க, மற்றவர் தெலுங்கில் பதில் சொல்ல, நடுநடுவே வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். இறங்கும்போது ஒருவர் மூட்டையை மற்றவர் இறக்கிக் கொடுத்தார். ஐப்பசி மாதம். மழை விட்டிருந்தது. தூரத்தில் மலை ஒரு நீலத் துணியை உதறிப் போட்ட மாதிரிக் கிடந்தது. அத்தை அதைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். நான் என் கையைப் பிள்ளையின் மேலேயே வைத்திருந்தேன்.

திருப்பதியில் இறங்கினதும் எனக்குக் கனவில் நடக்கிற மாதிரி இருந்தது. அப்படி ஒரு ஊரை நான் பார்த்ததில்லை. தெரு முழுக்க மொட்டைத் தலைகள். ஆண், பெண், குழந்தை. எல்லார் தலையிலும் சந்தனம். காற்றே சந்தனமும் ஈரத்துணியும் கலந்து வீசியது. பித்தளைக் கடைகளில் வெளிச்சம் அசைந்தது. செம்மரப் பொம்மைகள் ஆணும் பெண்ணுமாக ஜோடி ஜோடியாக நின்று எங்களைப் பார்த்தன.

அந்த ஊரில் எல்லாரும் நெற்றியில் தங்கள் வீட்டை எழுதி வைத்திருந்தார்கள். கோவிந்தராஜர் கோயில் குளத்துப் படியில் பார்த்தேன். நாமத்துக்குக் கீழே மூக்கின்மேல் பாதம் வைத்தவர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். பாதம் வைக்காதவர்கள் வேறு பக்கம். ஒரே சாமி, ஒரே குளம். ஆனால் ஒருவர் செம்பை ஒருவர் தொடுவதில்லை என்று நாங்கள் தங்கின சத்திரத்துக்காரர் சொன்னார். வடகலை, தென்கலை என்று பழைய வழக்காம், எதற்கென்று அவருக்கே நினைவில்லை. மலையடியில் கபில தீர்த்தம். அங்கே எல்லாம் விபூதி. அருவி வெள்ளையாக விழுந்தது, கீழே நின்றவர்களும் வெள்ளையாக நின்றார்கள். எது தண்ணீர், எது ஆள் என்று கொஞ்ச நேரம் எனக்குப் பிடிபடவில்லை. இன்னொரு தெருவில் ஒரு துலுக்கப் பெரியவர், மொட்டை போட்டவர்களுக்குத் துணித் தொப்பி விற்றார். வெயில் படாது, வெயில் படாது என்று மூன்று பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கேயோ ஒரு மூலையிலிருந்து மணிச் சத்தம் வந்தது. எங்கள் சபை மணி மாதிரியே இருந்தது. யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்ததால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திருமண் கூடையோடு ஒருவன் எதிரே வந்தான். அக்கா, மாமா, அத்தை, பிள்ளை என்று எல்லார் நெற்றியிலும் போட்டான். என்னிடம் குச்சியை நீட்டினான்.

"அவனுக்கு வேணாம்பா. அவன் வேற ஊரு" என்றாள் அத்தை.

"எந்த ஊரானா இன்னா. நெத்தி கீதில்ல" என்றான் அவன்.

குச்சியைக் கையில் வைத்தபடி என் நெற்றியையே பார்த்தான். பிறகு சிரித்துவிட்டுப் போனான். அத்தனை கூட்டத்தில் என் நெற்றி மட்டும் கதவு சாத்தின வீடு மாதிரி இருந்திருக்கும். அன்றைக்குச் சத்திரத்தில் அக்கா எனக்கு மட்டும் தனியாகச் சோறு போட்டாள். ஒதுக்கிப் போடவில்லை. கோயில் சோறு எனக்கு ஆகாது என்று அவளே ஆக்கினது.

விடியும்போதே படி ஏறினோம். அக்காவின் வேண்டுதல் நடைதான். மலைப் பாதையில் பஸ் போனது, அத்தை அதில் வந்திருக்கலாம், வரமாட்டேன் என்றுவிட்டாள். பிள்ளை என் தோள்மேல் உட்கார்ந்து என் முடியை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டது. எனக்கு அப்போது நல்ல முடி, சுருட்டை. மாட்டுக் கயிற்றைப் பிடிக்கிற மாதிரி அது இப்படியும் அப்படியும் இழுத்தது. இழுத்த பக்கம் நான் போனேன்.

கொஞ்ச தூரத்தில் மேகம் படிக்கு இறங்கிவிட்டது. முன்னால் போகிறவர்கள் மறைந்தார்கள். பின்னால் வருகிறவர்களும் மறைந்தார்கள். சத்தம் மட்டும் இருந்தது. மேலே ஒருவர் கோவிந்தா என்பார். அது நனைந்து நனைந்து கீழே வரும். கீழே ஒருவர் வாங்கிக்கொள்வார். நடுவில் நான் ஒருவன்தான் வாங்காமல் இருந்தேன். ஆனாலும் என்னைத் தாண்டித்தான் அது போக வேண்டியிருந்தது. ஒருதரம் தோள்மேலிருந்து பிள்ளை கோவிந்தா என்றது. என் தலைக்குள்ளிருந்து யாரோ சொன்ன மாதிரி இருந்தது.

செங்குத்தான படிகள் வந்தபோது அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தாள். மேகத்தின் ஈரத்தில் அது கரைந்து, படியெல்லாம் மேலிருந்து கீழே மஞ்சளும் சிவப்பும் ஓடியது. அதில் மிதித்து மிதித்து என் பாதமும் மஞ்சளாகிவிட்டது. புல்லில் ஒரு மான் நின்றது. அல்லது மான் மாதிரி ஒன்று. மேகம் மூடினது, திறந்தது, அது இல்லை.

"உனக்குக் கஷ்டமா கீதா நைனா" என்று அக்கா கேட்டாள். சின்ன வயசில் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

கனம் இல்லை என்றேன். அவள் கேட்டது பிள்ளையைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியும்.

மேலே முடி எடுக்கிற கட்டிடத்தில் நாவிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தரையெல்லாம் முடி. கறுப்பு, நரை, பெண்களின் நீள முடி. அதன்மேல் நடந்தால் காலுக்குச் சத்தம் இல்லை. மேகம் உள்ளேயும் வந்திருந்தது. மாமா ஒரு இடத்தைக் காட்டிவிட்டு, அக்காவையும் அத்தையையும் அழைத்துக்கொண்டு தேங்காய் பழம் வாங்கப் போனார். கத்தி வைக்கிற நேரத்துக்கு வந்துவிடுகிறோம் என்றார். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்தேன். ஏறின அலுப்பில் அது வயிற்றில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டது.

எங்கள் வரிசை நாவிதர் வயசானவர், தெலுங்குக்காரர். "கூர்ச்சோ நாயனா, கூர்ச்சோ" என்றார், நான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாலும். செம்பிலிருந்து தண்ணீர் எடுத்துப் பிள்ளை தலையைத் தடவினார். அதே கையால் என் தலையையும் தடவினார். பிள்ளை தலையில் ஒரு கோடு கத்தி ஓட்டினார். குளிர்ச்சியாக இருந்தது, நான் கண்ணை மூடினேன். என் நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும் ஏதோ ஊர்ந்தது. கண்ணைத் திறந்தபோது ஒரு கை முடி என் மடியில், பிள்ளையின் முடியோடு சேர்ந்து கிடந்தது.

அங்கே அவர்கள் தொழில் அப்படி. காத்திருக்கிற எல்லாத் தலையையும் நனைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கோடு இழுத்து விட்டுவிடுவார்கள். கோடு விழுந்த தலை வேறு நாவிதரிடம் போக முடியாது. பிறகு முதலிலிருந்து ஒவ்வொன்றாக முடிப்பார்கள். இது எல்லாருக்கும் தெரியும், எனக்குத் தெரியாது. மலையைப் பற்றி எங்கள் காம்பவுண்டில் பேசினதே இல்லையே. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்தவன் முடி கொடுக்க வந்தவன் இல்லை என்று அவர் எப்படி நினைப்பார். அவர் அடுத்த தலைக்குப் போய்விட்டார்.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தலையில் கோட்டோடு நான், தலையில் கோட்டோடு பிள்ளை. மேகம் எங்களைச் சுற்றி வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. எங்கள் கோயிலில் பெண்கள் முக்காடு போட்டுக்கொள்வார்கள். ஆண்கள் தலைத்துண்டை வாசலிலேயே எடுத்துவிட வேண்டும். வாரம் முழுக்க மறைக்கலாம், அந்த ஒரு மணி நேரம் மறைக்க முடியாது. அந்த ஒரு மணி நேரத்தில்தான் என் பெயரை வாசிப்பார்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கிறவர் முகம் வந்தது. கொஞ்ச நேரம் அது போகவில்லை.

அக்கா வந்தாள். என் தலையைப் பார்த்தாள். கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமாதான் பேசினார்.

"போயிட்டுப் போவுது மச்சான். முழுசா எடுத்துடு. ஊருக்குப் போய் விஷ ஜுரம்னு சொல்லு. ஆஸ்பத்திரில முடிய எடுத்துட்டாங்கன்னு சொல்லு. யாரு கேக்கப்போறா."

நான் வேலை செய்வதே ஆஸ்பத்திரிக் காம்பவுண்டில். மாமாவுக்கு அது நினைவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

அத்தை சிரிக்கவில்லை. அவள் என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். வழி முழுக்க என்னைக் குத்தினவள், முதல் தடவையாக மெதுவாகப் பேசினாள்.

"எழுந்து போயிடுப்பா. துண்டைக் கட்டிக்கினு கீழ போயிடு. நான் வேற ஆளை உக்கார வெச்சிக்கிறேன். உன் கலியாணம் நின்னா அந்தப் பாவம் எம் பேத்தி தலையிலதான் விழும். உங்கக்காவ நான் ஒண்ணும் பேசமாட்டேன். யாரையும் பேச விடமாட்டேன்."

அவள் சொன்னால் செய்வாள். அதற்காகத்தான் நான் வந்தேன், அது கிடைத்துவிட்டது. எழுந்துவிடலாம். அக்காவைப் பார்த்தேன். அவளும் போ என்றுதான் தலையை ஆட்டினாள். ஆனால் அவள் கண் பிள்ளையின்மேல் இருந்தது, பிள்ளையின் தலை சாய்ந்திருந்த என் மடியின்மேல்.

"பிள்ள தூங்குது" என்றேன்.

நாவிதர் திரும்பி வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். வருத்தப்பட்ட மாதிரித் தெரியவில்லை. பாதி இங்கே கொடுத்தாயிற்று, மீதியை வைத்து என்ன பண்ணப்போகிறாய் என்று தெலுங்கில் கேட்டார். முடியுங்கள் என்றேன். முதலில் பிள்ளைக்கு முடித்தார். அது விழிக்கவில்லை. மூன்று வருஷத்து முடி விளக்கெண்ணெய் வாசனையோடு என் தொடையில் விழுந்தது. அக்கா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எனக்கு.

எல்லாரும் கோவிந்தா என்றார்கள். நான் சொல்லவில்லை. வாய் பழக்கத்தில் வேறு ஒன்றைச் சொல்லிவிட்டது. கூச்சலில் யாருக்கும் கேட்டிருக்காது.

அவர்கள் கோயிலுக்குள் போனார்கள். நான் குளக்கரையில் உட்கார்ந்திருந்தேன். காற்று தலையில் நேராகப் பட்டது. அது வேறு மாதிரி இருந்தது, தலையில் ஒரு ஜன்னல் வைத்த மாதிரி. கோபுரம் மேகத்துக்குள் இருந்தது. கொஞ்சம் தெரியும், அப்புறம் தெரியாது. கும்பிடவும் இல்லை, திரும்பிக்கொள்ளவும் இல்லை. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. பிள்ளை லட்டு தின்றுகொண்டே ஓடி வந்தது. மடியில் ஏறி, விரலை என் வாய்க்குள் வைத்தது. விரலில் ஒட்டியிருந்தது இனிப்பாக இருந்தது.

இறங்கும்போது தோள்மேல் உட்கார்ந்து பிடிப்பதற்கு முடி தேடியது. இல்லை. கொஞ்ச நேரம் என் தலையைத் தடவித் தடவிப் பார்த்தது. பிறகு இரண்டு காதையும் பிடித்துக்கொண்டது. கீழே போய்ச் சேர்ந்தபோது காது எரிந்தது. துலுக்கப் பெரியவரிடம் ஒரு தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

"எல்லா ஊரும் சுத்தி வந்துட்டான்" என்றாள் அத்தை. அதுதான் அந்தப் பயணத்தில் அவள் கடைசியாகக் குத்தினது. அதில் வலி இல்லை.

சனிக்கிழமை கவலைக்குப் போனேன். தொப்பியை எடுத்ததும் மாடு என் தலையை முகர்ந்து பார்த்து ஒரு மூச்சு விட்டது. தோட்டக்காரர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததில் எனக்குத் தெரிந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் காம்பவுண்டு முழுக்கப் போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் தொப்பியை எடுத்து மடித்துப் பையில் வைத்தேன். உள்ளே போனேன். பாட்டு நடந்துகொண்டிருந்தது. நான் நடக்க நடக்க ஒவ்வொரு வரிசையாகப் பாட்டு மெலிந்தது, நான் தாண்டினதும் மறுபடி சத்தம் வந்தது. பெண்கள் பக்கம் மூப்பரின் மகள் இருந்தாள். முக்காட்டுக்குள் முகம் தெரியவில்லை. அதுவரைக்கும் நாங்கள் ஒரு வார்த்தை பேசினதில்லை.

போதகர் எங்கள் இருவர் பெயரையும் வாசித்தார். மூன்றாம் தடவை என்றார். இவர்கள் சேரக்கூடாது என்பதற்கு யாரிடமாவது காரணம் இருந்தால் இப்போதே சொல்லலாம் என்றார். இதைச் சொல்லும்போது அவர் புஸ்தகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மூப்பர் எழுந்தார். அவளுடைய நைனா. மெலிந்த ஆள், தொண்டையைச் செருமிக்கொண்டுதான் பேசுவார்.

"ஏம்பா, முடி எங்க எடுத்த."

ஆஸ்பத்திரி என்று ஒரு வார்த்தை மாமா கொடுத்திருந்தார். அது நாக்கில் வரவில்லை.

"மலையில" என்றேன்.

"எதுக்கு."

"அக்கா பிள்ளைக்கு மடி குடுக்கப் போனேன். அவங்க என் தலையிலயும் வெச்சிட்டாங்க."

"கோயிலுக்குள்ள போனியா."

"போகல."

"வேற யாரையாவது உக்கார வெச்சிருக்கலாம் இல்ல."

"வெக்கலாம். ஆனா தாய்மாமன் நான்தான்."

அவர் நின்றுகொண்டே இருந்தார். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்திலிருந்து பழைய மழை சொட்டியது. எல்லாரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. எனக்கு மறுபடி மலைமேல் மேகத்துக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஆகிவிட்டது. மடி மட்டும் காலியாக இருந்தது.

"முடி வளரட்டும் ஐயா" என்றார் மூப்பர், போதகரைப் பார்த்து. "வகிடு எடுக்கற அளவு வளரட்டும். அப்புறம் மறுபடி மொதல்லேர்ந்து வாசிங்க. எம் பொண்ணு மொட்டையைக் கட்டிக்கினான்னு நாளைக்கு எவனும் சொல்லக்கூடாது."

பின்னால் யாரோ சிரித்து அடக்கினார்கள். போதகர் புஸ்தகத்தை மூடினார். அதுவரைக்கும் எனக்குத் திருவிருந்து அப்பமும் ரசமும் கிடையாது, கடைசி வரிசையில் உட்கார வேண்டும் என்றார். நான் எழுந்து கடைசி வரிசைக்குப் போனேன். அங்கே சைக்கிளுக்குக் காற்றடிக்கிறவர் உட்கார்ந்திருந்தார். நகர்ந்து இடம் விட்டார்.

அந்தக் குளிர்காலம் முழுக்கத் தலையைத் தடவிக்கொண்டே மாடு ஓட்டினேன். முதலில் மணல் மாதிரி, பிறகு நாற்று மாதிரி. ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் எங்களில் கலியாணம் வைப்பதில்லை. அது முடிந்து, உயிர்த்தெழுந்த பண்டிகையும் கழிந்தது. மறுபடி மூன்று ஞாயிறு வாசித்தார்கள். மூன்று ஞாயிறும் மூப்பர் உட்கார்ந்தே இருந்தார்.

கலியாணத்துக்கு அக்கா வந்தாள். கோயில் வாசப்படியோடு நின்றுகொண்டாள். மலையில் நான் வெளியே இருந்த மாதிரி. உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. அத்தை மட்டும் நெற்றி நாமத்தோடு நேராக உள்ளே நடந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைக்கும் முடி வளர்ந்திருந்தது, என்னுடையதைப் போலவே சுருட்டையாக. வாசலிலிருந்து என்னை மாமா, மாமா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

சில வருஷம் கழித்து எல்லையை முடிவு செய்தார்கள். திருத்தணி அந்தப் பக்கம் போனது, அக்கா ஊர் இந்தப் பக்கம் வந்தது. பனைமரம் அங்கேயேதான் இருந்தது.

அன்றைக்குக் கலியாணம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. புதுப்பெண் முக்காட்டை எடுத்து மடித்து வைத்தாள். என் தலையைப் பார்த்தாள். அவள் என்னிடம் முதல் முதலாகப் பேசியது அப்போதுதான். மாதக்கணக்கில் அதைக் கேட்கக் காத்திருந்தவள் மாதிரிக் கேட்டாள்.

"கத்தி வெச்சப்ப அந்தப் பிள்ள அழுவலியா."

"இல்ல" என்றேன். "தூங்கிக்கினே இருந்துச்சி."